விளைச்சல் விதையினுடையதா, வாய்க்காலினுடையதா? பயிற்றுநரைத் தெரிவதும் வேலைக்கு ஆள் எடுப்பதும்

சென்ற வருடம் ஆவணி மாதம், ஒரே கிழமைக்குள் இரண்டு நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்கிற பக்கத்தில் இருந்தேன். ஒன்று, நான் கணக்குப் பார்க்கிற அரிசி ஆலைக்கு மேற்பார்வையாளர் ஒருவரை எடுப்பதற்கு. இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் இருக்கிற சிறிய ஆலை அது. எல்லாருமாகப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோம். மற்றது, எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்றுநர் எடுப்பதற்கு. ஆலையில் தவிட்டுத் தூசி படிந்த மேசையும் ஒரு மின்விசிறியும். கழகத்தில் வாசிகசாலை விறாந்தையும் நாலு பிளாஸ்டிக் கதிரையும்.

இரண்டு இடத்திலும் முதலில் எழுந்த கேள்வி ஒன்றுதான். "ஆள் ஆர்? முந்தி எங்க இருந்தவர்?" எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே பிழையைச் செய்யப் பார்க்கிறோம் என்பது கழகக் கூட்டம் முடிந்து சைக்கிளில் வரும்போதுதான் உறைத்தது. ஆள் எடுப்பதைப் பற்றி இதுவரை யோசித்திராத ஒருவருக்கு, அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று விளங்கப்படுத்த விளையாட்டை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவனங்கள் ஆள் எடுப்பது பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. யார் விண்ணப்பித்தார், ஏன் இவரை எடுத்தார்கள், எடுத்தவர் சரிவந்தாரா என்பது வெளியில் வராது. தேசிய அணிக்கோ பெரிய கழகத்துக்கோ பயிற்றுநர் எடுத்தால் அப்படியல்ல. பெயர்ப்பட்டியல் பத்திரிகையில் வரும். ஒவ்வொரு போட்டியும் அவருக்குப் பரீட்சை. அனுப்பிவிட்டால் அதுவும் தலைப்புச் செய்தி. ஆக, நிறுவனங்கள் மறைவில் விடுகிற பிழைகளை நாங்கள் மைதானத்தில் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

இரண்டு வேலையும் அடிப்படையில் ஒன்று. பயிற்றுநர் கோல் அடிப்பதில்லை. அடிக்கிறவர்களிடமிருந்து ஆட்டத்தை வெளியே எடுக்கிறார். ஆலை மேற்பார்வையாளரும் மூட்டை தூக்குவதில்லை. தூக்குகிறவர், நெல் அவிக்கிறவர், இயந்திரத்தில் நிற்கிறவர் எல்லாரையும் ஒரு ஒழுங்கில் ஓட வைக்கிறார். மற்றவர்களின் கையால் செய்கிற வேலை இது. அதனால்தான் இதற்கு ஆள் பிடிப்பது கஷ்டம்.

விதையும் வாய்க்காலும்

எங்கள் பக்கத்தில் விதைநெல் வாங்குகிறவர் எவரும் ஒரு கேள்வி கேட்பார்: "உது எந்த வயல்ல விளைஞ்சது?" இரணைமடு வாய்க்காலின் தலைப்பக்கத்தில், தண்ணீர் குறையாத வயலில் நன்றாக விளைந்த இனத்தை வாய்க்காலின் கடைக்கோடியில் விதைத்தால் அதே விளைச்சல் வரும் என்று எந்தக் கமக்காரரும் நம்பமாட்டார். விளைச்சலில் விதைக்கு எவ்வளவு பங்கு, தண்ணீருக்கும் மண்ணுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் மனிதரைத் தெரியும்போது அதே கமக்காரர்தான் கழகக் கூட்டத்தில் எழுந்து, "அவர் போன இடத்தில கப் எடுத்தவர், இவரையே எடுங்கோ" என்கிறார்.

ஒருவரின் பழைய வெற்றி அவருடையது மட்டுமல்ல. அவரோடு நின்றவர்கள், கிடைத்த பணம், மேலிடத்தின் பொறுமை, எதிரணியின் பலவீனம் எல்லாம் சேர்ந்தது. இடம் மாறும்போது அவர் தன்னை மட்டும்தான் கொண்டுவருகிறார். வாய்க்காலை விட்டுவிட்டு வருகிறார்.

இங்கிலாந்தில் பிரையன் கிளஃப் என்றொரு பயிற்றுநர் இருந்தார். டெர்பி கவுன்ட்டி என்ற பெரிய பெயரில்லாத கழகத்தை 1972 இல் நாட்டின் முதல் இடத்துக்குக் கொண்டுவந்தவர். 1974 இல் அப்போதைய சாம்பியனான லீட்ஸ் யுனைட்டட் அவரை எடுத்தது. அதற்கு முன் பல வருடமாக அதே லீட்ஸ் அணியின் ஆட்டமுறையைப் பகிரங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஆட்டக்காரர்கள் அவரை ஏற்கவேயில்லை. 44 நாளில் வேலை போனது. ஆள் உதவாதவரா? இல்லை. அடுத்து நொட்டிங்காம் ஃபொரெஸ்ட் என்ற சிறிய கழகத்துக்குப் போய், 1979 இலும் 1980 இலும் ஐரோப்பிய கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். டெர்பியிலும் ஃபொரெஸ்டிலும் விளைந்த அதே விதை லீட்ஸ் மண்ணில் கருகியது.

கம்பனி உலகத்தில் இதற்கு அச்சொட்டான கதை ஒன்று உண்டு. அப்பிள் நிறுவனத்தின் கடைகளை உலகம் வியக்கிற மாதிரிக் கட்டியெழுப்பிய றொன் ஜோன்சனை, ஜே.சி.பெனி என்ற பழைய அமெரிக்கத் துணிக்கடை நிறுவனம் 2011 இல் தலைமைக்கு எடுத்தது. வந்தவர், அங்கு வாடிக்கையாளர் பழகியிருந்த கழிவு விலைகளையும் கூப்பன்களையும் நிறுத்தினார். அப்பிள் கடையில் மலிவு விற்பனை கிடையாதுதானே. ஆனால் ஜே.சி.பெனிக்கு வருகிற குடும்பங்கள் கழிவு விலைக்காகவே வந்தவை. 2012 இல் விற்பனை நாலில் ஒரு பங்கு விழுந்தது. 17 மாதத்தில் அவரை அனுப்பினார்கள்.

இது ஏதோ இரண்டு பேருடைய தலைவிதி அல்ல. போறிஸ் குரொய்ஸ்பர்க் என்ற ஹாவர்ட் பேராசிரியர், பங்குச் சந்தை ஆய்வாளர்களில் நட்சத்திரங்களாகக் கணிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். நிறுவனம் மாறியதும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் தரம் இறங்கியது. தங்கள் கெட்டித்தனம் என்று நினைத்ததில் ஒரு பெரிய பங்கு, விட்டுவந்த அலுவலகத்தின் தகவல்களுக்கும் கூட்டாளிகளுக்கும் உரியதாக இருந்திருக்கிறது.

ஆட்டக்காரன் வேறு, ஆட்டுவிப்பவன் வேறு

எங்கள் கழகத்தின் சொந்தப் பிழையைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன், மாகாண மட்டத்தில் பெயரெடுத்த ஒரு முன்கள ஆட்டக்காரரைப் பயிற்றுநராகக் கூட்டிவந்தோம். நல்ல மனிதர், ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. பொடியன் ஒருவன் ஃப்ரீ கிக்கை மேலால் அடித்தால், "அப்பிடியில்லையடா, இப்பிடி" என்று தானே அடித்துக் காட்டுவார். பந்து வளைந்து போய் மூலையில் விழும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு அந்தப் பொடியன் அடிப்பான். பந்து மறுபடி வேலிக்கு அப்பால் போகும். அவர் இன்னொரு முறை அடித்துக் காட்டுவார். அந்தப் பருவம் முழுக்க இப்படியே போனது. நிற்கிற கால் எங்கே இருக்கவேண்டும், உடம்பு எந்தப் பக்கம் சரியவேண்டும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. காலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. அவரில் பிழையில்லை. நாங்கள் தேடியது ஒரு ஆட்டக்காரனை. கொடுத்தது பயிற்றுநர் வேலையை.

மரடோனாவை விடப் பெரிய ஆட்டக்காரர் யார்? 1986 இல் ஆர்ஜென்டினாவுக்கு உலகக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தவர், 2008 இல் அதே அணிக்குப் பயிற்றுநரானார். மெஸ்ஸி அணியில் இருந்தும், 2010 காலிறுதியில் ஜேர்மனியிடம் 4-0 என்று தோற்று வெளியேறினார்கள். மறுபக்கம் அரிகோ சாக்கி. இத்தாலியில் சப்பாத்து விற்றுத் திரிந்தவர், தொழில்முறையாகப் பந்து விளையாடியதே இல்லை. ஏசி மிலானை 1989 இலும் 1990 இலும் ஐரோப்பிய சாம்பியனாக்கினார். விளையாடாதவர் எப்படிப் பயிற்றுவிப்பது என்று கேட்டவர்களுக்கு, குதிரை ஓட்டுகிறவர் முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார்.

அலுவலகங்களில் இது தினமும் நடக்கிறது. அதிகம் விற்கிறவரை விற்பனை முகாமையாளர் ஆக்குகிறோம். மிக நன்றாகப் படிப்பிக்கிற ஆசிரியரை அதிபர் ஆக்கி, வகுப்பறையையும் இழந்து அலுவலக அறையிலும் திண்டாடுகிறோம். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களைப் பற்றி 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று இதைக் கணக்கிலேயே காட்டியது. நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் முன்பு எவ்வளவு அதிகம் விற்றாரோ, அவருக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை அவ்வளவுக்கு மோசமாக இருந்தது. நல்லாகச் செய்தவருக்குப் பரிசு கொடுக்கத்தான் வேண்டும். சம்பளத்தைக் கூட்டுங்கள், மரியாதையைக் கூட்டுங்கள். வேறொரு வேலையைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் யார் ஏறுகிறார்கள்

நேர்முகத் தேர்வுக்கு முன்னாலேயே பாதித் தெரிவு முடிந்துவிடுகிறது. யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலில்தான் அது நடக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற 'அமெரிக்கன் ஃபுட்போல்' ஆட்டத்தின் லீக்கான என்.எஃப்.எல். இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்றுநர்களோ அப்போது கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர். 2003 இல் அவர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: தலைமைப் பயிற்றுநர் பதவி வெற்றிடமானால், சிறுபான்மையினத்தவர் ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைத்தே ஆகவேண்டும். எடுக்கவேண்டும் என்றல்ல, அழைக்கவேண்டும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் அது ரூனி விதி எனப்படுகிறது. பின்னர் பல பெரிய கம்பனிகளும் அதைத் தங்கள் ஆளெடுப்புக்கு எடுத்துக்கொண்டன. விதி இருந்தும் பேருக்கு அழைத்துவிட்டு அனுப்புகிறார்கள் என்ற குறை அங்கே இன்றும் உண்டு. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனாலும் அழைக்கப்படாதவருக்கு வாய்ப்பே இல்லை என்பதை அந்த விதி எல்லாருக்கும் ஞாபகப்படுத்தியது.

வன்னியில் பட்டியல் எப்படி வருகிறது? "எங்கட மச்சானுக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் இருக்கிறான்." அவ்வளவுதான். அதற்குமேல் இங்கே இன்னொன்று இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற எவருக்கும் அது விளங்காது. சுயவிபரக் கோவையில் ஒரு இடைவெளி.

எங்கள் ஆலைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று இரண்டே பக்கம். முப்பத்து நாலு வயது. சாதாரண தரத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. 2008 இலிருந்து 2010 வரை வெறுமை. பிறகு இரண்டு ஆலைகளில் பொயிலர் அடியிலும் இயந்திரத்திலும் கூலி வேலை. சான்றிதழ் எதுவும் இணைக்கப்படவில்லை. முதலாளி அதை ஒரு பக்கமாக வைத்தார். நான் எடுத்து, அந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். முதலாளியின் மகள் உயர்தரப் பரீட்சையை, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குப் பிறகுதான் எழுதினவள். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு அந்த விண்ணப்பத்தை எடுத்து மேலே வைத்தார்.

கடைசி வரியைப் பார்த்து ஆளை எடைபோடுவதும் இதே வகைப் பிழை. கிளாடியோ ரனியேரி 2014 இல் கிரேக்க அணியின் பயிற்றுநர். சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்றார்கள். உடனே அவரை அனுப்பினார்கள். கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகையில் பாதியும் இல்லாத தீவுகள் அவை. அவருடைய சுயவிபரத்தின் கடைசி வரி அதுதான். 2015 இல் லெஸ்டர் சிட்டி அவரை எடுத்தபோது பலர் சிரித்தார்கள். அந்தப் பருவத் தொடக்கத்தில், லெஸ்டர் சாம்பியனாகும் என்று ஒன்று கட்டினால் ஐயாயிரம் தருவதாகப் பந்தயக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். 2016 மே மாதம் லெஸ்டர் சாம்பியன்.

ஏழு நிமிடமா, அரை மணித்தியாலமா

2007 இல் கெரி கேர்ஸ்டன் இந்திய கிரிக்கெட் அணியின் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிக்கவேயில்லை. தென்னாபிரிக்காவுக்காக நீண்டகாலம் ஆடியவர். பயிற்றுநர் அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுனில் கவாஸ்கரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலில் அதை நம்பவேயில்லை. நேர்முகத்துக்குப் போனார்; ஏழு நிமிடத்தில் வேலை கிடைத்தது. நீட்டிய ஒப்பந்தப் பத்திரத்தில் முன்னைய பயிற்றுநர் கிரெக் சப்பலின் பெயர் இருந்தது. அதை வெட்டிவிட்டு அவருடைய பெயரை எழுதினார்களாம். இதையெல்லாம் அவரே பின்னாளில் சொன்னார். அவருடைய காலத்தில் இந்தியா டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 2011 ஏப்ரல் 2 இல் எங்கள் இலங்கை அணியைத் தோற்கடித்து உலகக் கிண்ணத்தையும் எடுத்தது.

இந்தக் கதையைக் கேட்டால் எல்லாரும் சொல்வது, "பார்த்தவுடனே ஆள் தெரியும், பெரிய சோதனையெல்லாம் எதற்கு?" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலபோகத்தில் உரம் போடாமல் ஒருவருக்கு நல்லாக விளைந்தால், உரம் தேவையில்லை என்றாகாது. முடிவு நல்லாக வந்ததால் வழி நல்லதென்று சொல்ல முடியாது. ஏழு நிமிடத்தில் எடுத்துக் கெட்டுப்போன ஆயிரம் நியமனங்களின் கதையை யாரும் சொல்வதில்லை. இந்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

நேர்முகத் தேர்வு பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2022 இல் வெளிவந்த பெரிய மீளாய்வில் மேலே நின்றது, ஒழுங்கு செய்யப்பட்ட நேர்முகம். அதாவது வேலையை ஒட்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லாரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே புள்ளி போடுவது. செய்யப்போகிற வேலையில் ஒரு துண்டைச் செய்ய வைத்துப் பார்ப்பதும் நல்ல பலன் தருகிறது. எத்தனை வருட அனுபவம் என்பதோ மிகக் கீழே நின்றது. பத்து வருடம் நெல் அவித்தவர், ஒரே வருடத்தைப் பத்துத் தரம் அவித்தவராகவும் இருக்கலாம்.

இரண்டு இடத்திலும் இதைத்தான் செய்து பார்த்தோம். முதலில் எங்களுக்கு என்ன தேவை என்பதை ஒவ்வொரு தாளில் எழுதினோம். ஆலையில் எழுதியது: "குறுணல் கூடிக்கொண்டு போகிறது, ஏன் என்று கண்டுபிடிக்கிற ஆள்." கழகத்தில் எழுதியது: "பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்கிற ஆள்." இந்த இரண்டு வரியும் எழுத ஒரு மாலைப்பொழுது போனது. சண்டையும் வந்தது, ஏனென்றால் கழகத்தில் பாதிப்பேருக்கு அடுத்த சுற்றுப்போட்டியில் கப் வேண்டும். மற்றப் பாதிக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகும் அணி இருக்கவேண்டும். அந்தச் சண்டையை ஆள் வந்த பிறகு பிடிப்பதை விட வர முன் பிடித்தது நல்லதாய்ப் போயிற்று.

ஆலை மேசையில் மூன்று கிண்ணத்தில் மூன்று நெல் வைத்தோம். ஒன்று ஈரம் கூடியது. ஒன்று இரண்டு இனம் கலந்தது. மூன்றாவது, பார்வைக்கு நல்லாகக் காய்ந்த நெல். வந்த நாலு பேரில் மூவர் ஈரத்தைச் சரியாகச் சொன்னார்கள். நெல்லைப் பல்லில் கடித்தால் வருகிற சத்தத்திலேயே ஆலைக்காரருக்கு அது தெரியும், ஈரமானியில் 14 சதவீதம் பார்ப்பது பிறகுதான். மூன்றாவது கிண்ணத்தில்தான் விசயம் இருந்தது. அந்த இரண்டு பக்க விண்ணப்பக்காரர் ஒரு நெல்லை எடுத்து, நகத்தால் உமியை உரித்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. "இது கடும் வெயில்ல ஒரேயடியாக் காயவிட்ட நெல் சேர். உள்ளுக்க வெடிப்பு இருக்கு. பச்சையரிசியாக் குத்தினா குறுணல்தான். அவிச்சா ஓரளவு தப்பும்." முதலாளி என்னைப் பார்த்தார். அந்த வருடம் முழுக்க நாங்கள் உமி நீக்குகிற இயந்திரத்தின் றப்பர் உருளையைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தோம்.

கழக மைதானத்தில் இரண்டு பேருக்குத் தலா அரை மணித்தியாலம், அதே பதினான்கு பிள்ளைகள். முதலாமவர் நன்றாகப் பேசினார். பலகையில் கோடு போட்டார். பிள்ளைகள் இருபது நிமிடம் வெயிலில் நின்று கேட்டார்கள். இரண்டாமவர் பாடசாலை அணி ஒன்றை மட்டும் பழக்கியவர். வந்ததும் பெயர் கேட்டார். பின்வரிசையில் நின்ற ஒரு பொடியன், பந்து காலுக்கு வந்ததும் குனிந்தபடியே முன்னுக்கு உதைத்துவிடுவான். எங்கே போகிறதென்று பார்ப்பதில்லை. அவனைத் தனியே கூப்பிட்டு, தன் செருப்பு இரண்டையும் கழற்றிப் பத்தடி தூரத்தில் வைத்தார். "இதுக்கு நடுவால தட்டு." தட்டினான். செருப்பைச் சத்தமில்லாமல் இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி பழைய இடத்துக்கே தட்டினான். ஒன்றும் சொல்லாமல் பந்தைத் திருப்பிக் கொடுத்தார். நாலாவது தரம் அவன் தலையைத் தூக்கிச் செருப்பு எங்கே என்று பார்த்தான். அதற்குத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். ஒருவரோடு ஒருவர் பேச முன் ஆளாளுக்குப் புள்ளி போட்டுத் தாளை மடித்துவிட வேண்டும் என்று முதலே பேசியிருந்தோம். விரித்தபோது ஐந்து பேரில் நாலு பேர் அவருக்கே கூடப் போட்டிருந்தார்கள்.

உள்ளே இருப்பவரா, வெளியாளா

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். லிவர்பூல் கழகம் 1974 இல் புகழ்பெற்ற பில் ஷாங்க்லி விலகியபோது வெளியே தேடவில்லை. அங்கேயே ஆட்டக்காரராகவும் காயம் பார்ப்பவராகவும் உதவிப் பயிற்றுநராகவும் முப்பத்தைந்து வருடம் இருந்த பொப் பெய்ஸ்லியை எடுத்தது. ஒன்பது வருடத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பிய கிண்ணம். எங்கள் நாட்டிலும் 2024 இல், உலகக் கிண்ண ரி20 தோல்விக்குப் பிறகு, சனத் ஜயசூரியவை முதலில் இடைக்காலப் பயிற்றுநராகத்தான் போட்டார்கள். இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை 27 வருடத்துக்குப் பிறகு வென்றார்கள்; ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்டில் வென்றார்கள்; காலியில் நியூசிலாந்தை 2-0 என்று வென்றார்கள். ஒக்டோபரில் பதவி நிரந்தரமானது. பதில் கடமையில் போட்டுப் பார்த்து உறுதிப்படுத்துவது என்று அரச அலுவலகத்தில் சொல்வது இதைத்தான்.

அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்த மத்தியூ பிட்வெல், ஒரே வேலைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளிருந்து உயர்ந்தவர்களை விட ஏறக்குறைய 18 சதவீதம் கூடச் சம்பளம் வாங்கினார்கள், ஆனால் முதல் இரண்டு வருடம் மதிப்பீட்டில் பின்தங்கினார்கள் என்று கண்டார். வெளியாளின் கெட்டித்தனம் காகிதத்தில் தெரிகிறது. உள்ளாளின் குறைகள் எங்களுக்கு மனப்பாடம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. எங்கள் ஆலையில் அந்த வேலைக்கு உள்ளே ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவரையும் அந்த மூன்று கிண்ணத்துக்கு முன்னால் உட்கார வைத்திருப்போம்.

எடுத்த பிறகு

மன்செஸ்டர் யுனைட்டட் 1986 நவம்பரில் அலெக்ஸ் பெர்குசனை எடுத்தது. முதல் கிண்ணம் 1990 இல். முதல் லீக் பட்டம் 1993 இல். அவர் 2013 இல் ஓய்வுபெற்றபோது லீக் பட்டங்கள் 13. அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்து, பத்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். பொறுமை எப்போதும் பலன் தரும் என்று இதைவைத்துச் சொல்லமாட்டேன். பொறுத்தும் உருப்படாத கழகங்கள் ஏராளம். ஆனால் ஆள் மாற்றினால் உடனே நிமிரும் என்ற நம்பிக்கையும் பிழை. நெதர்லாந்தின் முதல்தர லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பதவிநீக்கங்களை பாஸ் தெர் வீல் என்பவர் ஆராய்ந்தார். பயிற்றுநரை மாற்றிய அணிகள் பிறகு நிமிர்ந்தன. அதே மாதிரிச் சரிந்தும் பயிற்றுநரை மாற்றாத அணிகளும் அதேயளவு நிமிர்ந்தன. குளம் வற்றிய வருடத்துக்கு அடுத்த வருடம் மழை பெய்தால், புது விதானை வந்ததால்தான் பெய்தது என்று சொல்லலாமா?

ஒப்பீடு முறிகிற இடமும் இங்கேதான். பயிற்றுநரை அனுப்பினால் மிச்ச ஒப்பந்தப் பணத்தோடு போவார். அடுத்த வருடம் இன்னொரு அணியில் நிற்பார். ஆலைத் தொழிலாளிக்கு அப்படியில்லை. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேலைநீக்கத்துக்கு, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஆலையில் பன்னிரண்டு பேர்தான். அந்தப் பாதுகாப்பு எங்களில் எவருக்கும் இல்லை. பாதுகாப்பு இல்லாதவர்களை எடுக்கும்போது இன்னும் கவனமாக எடுக்கவேண்டிய பொறுப்பு எங்கள் தலையில்தான் விழுகிறது. ஒரு குடும்பம் வீடு மாறி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றி வருகிறது. ஆறு மாதத்தில் "சரிவரேல்ல தம்பி" என்று சொல்கிற உரிமை, ஒழுங்காகப் பார்த்து எடுக்காதவருக்கு இல்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பயிற்றுநரிடம் நியமனத்தைச் சொன்ன அன்று, விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். "எத்தினை பந்து இருக்குது அண்ணை?"

செயலாளர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாலு. அதில் இரண்டு காற்று நிற்காது.

"பதினாலு பிள்ளையள். ரெண்டு பந்து. மிச்சப் பன்னிரண்டு பேரும் என்ன செய்யிறது?"

அவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தோம். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் அவருக்கு நாங்கள் என்ன கொடுக்கவேண்டும் என்று எழுதத் தொடங்கினோம். முதல் வரி: பந்து, பத்து. இரண்டாம் வரி: மைதானத்துக்குத் தண்ணீர்த் தாங்கி. மூன்றாவது வரியை அவர் சொன்னார். செயலாளர் ஒரு கணம் பேனையை நிறுத்திவிட்டுப் பிறகு எழுதினார். "மூண்டு பருவத்துக்கு, தோத்தாலும், ஆர் விளையாடுறது எண்டதில கழகம் தலையிடாது."